பின்னால் கட்டிய ஜென்செட்

டிசம்பர் 4

புயல் போய்விட்டது. போகிறபோது கரண்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எங்கள் நெடுவாக்குடியில் இப்போது நிற்கிற மின்கம்பத்தைவிடப் படுத்திருக்கிற கம்பம்தான் அதிகம். தென்னைகளைப் பற்றி எழுதப்போவதில்லை. எழுதினால் அழுகை வரும். அழுதால் என் மனைவி தமயந்தி, "ஒங்களுக்கு அழுவுறதுக்கு ஒரு டைரி வேறயா" என்பாள்.

நான் மைக்செட்காரன். வைரக்கண்ணு சவுண்ட் சர்வீஸ் என்றால் கடற்கரை வரைக்கும் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி என்று எதிலும் என் குரல்தான். ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக, பேசுவதற்கு மைக் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வாய் அரிக்கிறது. உரக்கடைக்காரர் கொடுத்த டைரி ஒன்று பீரோவுக்கு மேலே கிடந்தது. அதில் இனிமேல் கை பேசட்டும்.

ஷெட் சரிந்து குழாய் ஸ்பீக்கரெல்லாம் சப்பையாகிவிட்டன. கரண்டு தருகிற ஜெனரேட்டர், எங்கள் ஜென்செட், அதற்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. சக்கரம் வைத்த இழுவை வண்டியில் இரண்டு டன் கனத்துக்குக் குந்திக்கொண்டு, புயலடித்ததே தெரியாத மாதிரி நிற்கிறது.

டிசம்பர் 6

காலையில் ஊராட்சித் தலைவர் வீட்டுக்கே வந்தார். போன திருவிழாவில் நான் அவரை மூச்சுக்கு மூச்சு "நமது அன்புத் தலைவர்" என்று புகழ்ந்தும் என் பக்கம் திரும்பாத மனிதர். இன்று, "வைரக்கண்ணு அய்யா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். அது யாரடா நம் வீட்டில் என்று நானே ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.

"டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்லைங்கய்யா. கொளமெல்லாம் உப்புத் தண்ணி ஏறிப்போச்சு. ஒங்க ஜென்செட்டக் கொண்டாந்து மோட்டார ஓட்டிவுட்டா ஊரு பொழச்சுக்கும். டீசலு ஊரு செலவு."

ஜென்செட்டை எப்போதும் டிராக்டர்தான் இழுக்கும். இப்போது டிராக்டர்கள் எல்லாம் விழுந்த மரங்களை இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றும் கிடைக்காது. நான் யோசிக்கவே இல்லை. "நம்ம பிக்கப் இழுக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

பிக்கப்பை ஓட்டுவது என் சகலை தெட்சிணாமூர்த்தி. தமயந்தியின் தங்கை இந்துமதியைக் கட்டியவன். தொழிலில் பாதி அவனுடையது, சண்டையில் முக்கால்வாசி அவனுடையது. கேட்டதும் குதித்தான்.

"பெட்டில ஒன்னேகால் டன்ன ஏத்து, பேசாம ஓட்டிக்கிட்டுப் போறேன். பின்னாடி ரெண்டு டன்னக் கட்டி இழுக்கச் சொல்லாத சகல. ஏத்துற பாரம் வேற, இழுக்குற பாரம் வேற. மேல கெடக்குறது நம்ம கூட வருது. பின்னாடி கெடக்குறது நம்மளப் போவவுடாமப் புடிச்சிக்கிது."

"அப்ப இந்துமதி மாதிரின்னு சொல்லு" என்றேன்.

கொல்லையில் இருந்தவளுக்கு எப்படியோ கேட்டுவிட்டது. "அத்தான், மைக்கு இல்லன்னாலும் ஒங்க வாய்க்குக் கொறச்சல் இல்ல" என்று குரல் மட்டும் வந்தது.

மத்தியானம் வெல்டிங் பட்டறையில் பிக்கப்பின் வாலில் ஒரு கொக்கி வைத்தோம். ஜென்செட் வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற ஏர்க்காலை அதில் மாட்டி ஒரு இரும்பு ஆணியைச் சொருகினால் முடிந்தது. உருவினால் கழன்றது. சகலை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கல்யாணத்துக்குச் சம்மதிக்காத மாப்பிள்ளை தாலியைப் பார்க்கிற பார்வை.

டிசம்பர் 7

நெடுவாக்குடி டேங்க் நிறைந்தது. குழாயில் தண்ணீர் வந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். சகலைக்கும் போர்த்தினார்கள், சின்னத் துண்டு.

டிசம்பர் 8

இன்று சாத்தன்காடு. வெறும் வண்டியாகப் போனால் டீ ஆறுவதற்குள் போய்விடலாம். இன்று ஒரு பகலின் பாதி போனது. முதல் கியரில் நகர்கிறது. இரண்டாவது போட்டால் ஏதோ யோசிக்கிறது. மூன்றாவது போட்டால் உடம்பெல்லாம் உதறி, "என்னால ஆவாது" என்று மறுபடி இரண்டாவதுக்கே கெஞ்சுகிறது. கிளட்ச் கருகும் வாசம் வண்டி முழுக்க. டெம்பரேச்சர் முள் மேலே ஏறினால் நிறுத்தி, பானட்டைத் திறந்து, ஆறவிட்டு, மறுபடி ஏறினால் மறுபடி நிறுத்தி. ஊர்வலம் போகிற சாமிகூட இத்தனை மண்டகப்படியில் நிற்காது.

"ஆக்சிலேட்டர நல்லா மிதிய்யா" என்றேன்.

"மிதிச்சா சூடுதான் ஏறுது, வேகம் ஏறல. நீ வந்து மிதி. ஒனக்குத்தான் லைசென்சு காலாவதி ஆயி புள்ளயாரு மாதிரி வீட்ல குந்தியிருக்கே."

இவன் எப்போதும் இப்படித்தான். வண்டிக்குத் தலைவலி என்றால் இவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

டிசம்பர் 9

அநியாயம். சாத்தன்காட்டில் டேங்க் நிறைந்ததும் கிளம்பப் பார்த்தால் ஜென்செட்டைக் காணோம் என்கிற நிலை. ஜென்செட் இருக்கிறது, ஏர்க்கால் ஆணிதான் இல்லை. ராத்திரி நாங்கள் வண்டியைத் தனியாகக் கழற்றி நிறுத்தியிருந்தோம். ஆணியை ஊரே சேர்ந்து ஒளித்துவிட்டது. ஏர்க்காலின்மேல் நாலு பெண்கள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கரண்டு வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும் சாமி. ஒங்களுக்கு மூணு வேளையும் சோறு போடுறோம்" என்றாள் ஒருத்தி.

"வெள்ளிவயல்ல புள்ளக்குட்டிங்க தவிக்குதும்மா."

"அது வெள்ளிவயலு கவல."

இத்தனை நாள் என் மைக்கைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்ட ஜனம், இன்று என்னைப் போகவிடமாட்டேன் என்கிறது. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கவும் செய்தது. சாயங்காலம் தாசில்தார் ஆபீஸ் ஜீப் வந்து பேசிய பிறகுதான் ஆணி கிடைத்தது. ஒரு கோழிக் கூண்டுக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

இனி ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். எந்த ஊரிலும் வண்டியையும் ஜென்செட்டையும் பிரிப்பதில்லை. மாட்டியே இருக்கும், மாட்டியே போகும். ராத்திரியும் பக்கத்திலேயே ஆள் படுக்க வேண்டும்.

"யாரு படுக்குறது?" என்றான் சகலை.

எனக்கு இடுப்புவலி. நான் வண்டிக்குள்ளே சீட்டில் படுத்துக்கொள்கிறேன் என்றேன். அவன் ஜென்செட்டுக்கு அடியில், என் பழைய விளம்பர ஃபிளெக்ஸை விரித்துப் படுத்தான். என் சிரித்த முகத்துக்குமேல்.

டிசம்பர் 10

பம்ப் மெக்கானிக் ஒருவனைப் பிடித்தேன். பழைய மாடல் வண்டிதானே, பம்ப்பில் டீசலைக் கொஞ்சம் கூட்டிவைத்தால் இழுவை கிடைக்கும் என்றான். சகலைக்குச் சம்மதம் இல்லை.

"டீசலக் கூட்டுனா இழுக்கும், இல்லேங்கல. உள்ள வெந்து போவும். காத்து அவ்வளவேதானே போவுது? எரியாத டீசலு பொகையாத்தான் வரும். முள்ளு இப்பவே எங்க நிக்கிது பாத்தியா?"

"இழுக்கலன்னா ஊரு தண்ணியில்லாம சாவும் பரவாயில்லையா?"

"நான் அப்படிச் சொல்லல. பாரத்தக் கொறச்சிக்கலாம், இல்ல டிராக்டருக்கு நாலு நாளு காத்துக்கலாம்னுதான் சொல்றேன்."

காத்திருப்பதாம். வெள்ளிவயலில் எனக்காக வாழைமரம் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்திருக்கிறது. புயலில் மிச்சம் நின்ற ஒரே வாழையாம். கூட்டிவைக்கச் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 11

பார்த்தீர்களா! மூன்றாவது கியரில் போகிறது. பின்னால் கரும்புகை, ஊரே தெரியாத அளவுக்கு. எங்களுக்குப் பின்னால் சைக்கிளில் வந்த தபால்காரர் கரிச்சட்டியாகிவிட்டார். இருந்தாலும் இழுக்கிறது. சகலையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "சொன்னேன்ல?" என்று நான் கேட்க, அவன் டெம்பரேச்சர் முள்ளைக் காட்டினான். ரேடியேட்டரில் அடிக்கடி தண்ணீர் குறைகிறதாம். எங்கேயும் ஒழுகவில்லை, ஆனால் குறைகிறதாம். புலம்புவதற்கு இவனுக்கு ஏதாவது வேண்டும்.

வெள்ளிவயல் டேங்க் நிறைந்தது. வாழைமரம் உண்மைதான். எனக்கு மாலை. பேசச் சொன்னார்கள். மைக் இல்லாமல் பேசினேன். தொண்டை கட்டிவிட்டது. யாரும் எழுந்து போகவில்லை, தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றதால்.

டிசம்பர் 12

வெள்ளிவயலிலேயே தங்கல். சகலை ஃபிளெக்ஸில், நான் சீட்டில். எலியெல்லாம் வயலில் இருந்து வீட்டுக்குள் வந்துவிட்டதாம். எலி வந்தால் அதன் பின்னால் வருவதும் வரும் என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லி, சகலையை அவர் வீட்டுக் கட்டிலில் படுக்கக் கூப்பிட்டார். அவன் என்னைப் பார்த்தான். ஜென்செட்டை யார் பார்ப்பது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். போகாதே என்று சொல்லவில்லை.

டிசம்பர் 13

எழுத முடியவில்லை.

டிசம்பர் 15

ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

பதிமூன்றாம் தேதி விடிந்ததும் சகலை வயிறு வலிக்கிறது என்றான். வாந்தியும் எடுத்தான். நிவாரண முகாமில் தருகிற எலுமிச்சைச் சாதம் எல்லோர் வயிற்றையும் கெடுத்துக்கொண்டிருந்தது. "ரெண்டு கை கூட அள்ளுனல்ல, அனுபவி" என்றேன். அது கிண்டல்தான். தினமும் அப்படித்தானே பேசுவோம்.

அடுத்து மணல்திட்டு என்கிற ஊருக்குக் கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் வண்டியை ஓரம் கட்டினான்.

"ரோடு ரெண்டா தெரியுது சகல."

"எதுல போறதுன்னு முடிவு பண்ணிக்க."

"வெளையாடாத. கண்ணு தொறக்க வரமாட்டேங்குது."

பார்த்தேன். இமை பாதி மூடியிருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். தரையில் படுப்பவனுக்கு நல்ல தூக்கம் எங்கே வரும்? அவனை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு நானே ஓட்டினேன். லைசென்சு பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும் என்று இப்போது தமயந்தி சொல்கிறாள். ஒரு மனிதன் கிண்டல் செய்யாததை எல்லாம் நோய் என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

மணல்திட்டில் ஜென்செட்டை ஓடவிட்டேன். டேங்க் கால்வாசி ஏறியிருக்கும். சகலைக்குத் தண்ணீர் கொடுத்தேன். விழுங்க வரவில்லை, வாயோரமாக வழிந்தது. ஏதோ சொன்னான், நாக்கு புரளவில்லை. அங்கன்வாடியில் வேலை பார்க்கிற ஒரு அம்மா ஓடிவந்து அவன் கண்ணைப் பிரித்துப் பார்த்தாள்.

"ராத்திரி எங்க படுத்திருந்தாரு?"

"தரையில."

"கட்டுவிரியன்யா இது. கடிச்சதே தெரியாது, பல்லுத் தடமும் இருக்காது. எங்க வூட்டுக்காரருக்கு இப்படித்தான் ஆச்சு. மூச்சு நிக்கிறதுக்குள்ள பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்க. நிக்காதீங்க!"

போனில் டவர் இல்லை. ஆம்புலன்ஸ் கூப்பிட வழியில்லை. ஊரில் வேறு வண்டி கிடையாது. மோட்டார் ஒயரைப் பிடுங்கிவிட்டு, சகலையைத் தூக்கி சீட்டில் கிடத்தினார்கள். ஒரு பெரியவர் வண்டியின் பின்பக்கம் போய் நின்றுகொண்டு கத்தினார்.

"ஆணிய உருவிடுங்கய்யா! வண்டி மட்டும் போவட்டும். இத நாங்க பாத்துக்கிறோம்!"

நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சாத்தன்காட்டிலும் சொன்னார்கள். இவர்கள் டேங்க்கோ கால்வாசிதான் ஏறியிருந்தது. பார்த்துக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்? அந்த நேரத்தில் இதையெல்லாம் நான் யோசித்தேன் என்று சொல்லவில்லை. இறங்கிக் கழற்றிக்கொண்டிருந்தால் நேரமாகும் என்றுதான் நினைத்தேன். கியரைப் போட்டேன். அந்தப் பெரியவர் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தார்.

தட்டை ரோட்டில் வண்டி நன்றாகத்தான் போனது. புகை வந்தது, முள் உச்சியில் நின்றது, இருந்தாலும் போனது. அவன் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. நான் பேசிக்கொண்டே ஓட்டினேன். ஊர் வம்பெல்லாம் சொன்னேன். தலைவர் மருமகள் கோபித்துக்கொண்டு போனது, உரக்கடைக்காரர் முடிக்குச் சாயம் போட்டு நெற்றியெல்லாம் கறுத்துப் போனது. வழக்கமாக இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பான். விரலால் என் தொடையில் தட்டினான், கேட்கிறது என்கிற மாதிரி.

ரயில்வே மேம்பாலம் வந்தது. அதைத் தாண்டினால் ஆஸ்பத்திரி தெரியும். மூன்றாவதில் ஏற்றினேன், திணறியது. இரண்டாவது. அதுவும் முடியவில்லை. முதல் கியரில் முழுசாக மிதித்தேன். என்ஜின் அலறியது, சக்கரம் நகரவில்லை. கரும்புகை வந்துகொண்டிருந்தது, திடீரென்று வெள்ளையாக மாறியது. பானட்டுக்கு உள்ளிருந்து ஆவி. பிறகு சத்தமே இல்லை. பாலத்தின் பாதியில் நின்றுவிட்டோம். நின்றதோடு போகவில்லை, ஜென்செட் எங்களைப் பின்னால் இழுக்க ஆரம்பித்தது. பிரேக்கில் ஏறி நின்றேன். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ரெண்டு பேர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்கள்.

பைக்கில் வந்த ஒருவர் நின்றார். சகலையை நடுவில் வைத்து, நான் பின்னால் உட்கார்ந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் மார்பு என் கைக்குள் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாலத்தின் இறக்கத்தில் அது நின்றது. பைக்தான் குலுங்குகிறது, அதனால்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர்கள் ரொம்ப நேரம் பாடுபட்டார்கள். வெளியே வந்தவர் நேரத்தைப் பற்றி என்னவோ சொன்னார். பாதி இங்கிலீஷில் சொன்னதால் எனக்குச் சரியாகப் புரியவில்லை.

வண்டியில் இழுவை இல்லை. அதுதான் நடந்தது.

டிசம்பர் 16

சாவு வீட்டுக்கு பேட்டரி மைக்செட் போட சாத்தன்காட்டுக்காரன் வந்தான். "தெட்சிணாமூர்த்தி அவர்கள் இயற்கை எய்தினார்" என்று அறிவித்தான். பாம்பு கடித்துச் செத்தவனுக்கு அப்படிச் சொல்லக்கூடாது, சொல்லிக்கொடுக்கலாமா என்று எழுந்தேன். தமயந்தி என் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தாள். மணல்திட்டில் இருந்து அந்தப் பெரியவரும் வந்திருந்தார். இந்துமதியிடம் போய் ரொம்ப நேரம் மெதுவாக என்னவோ பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

டிசம்பர் 20

மணல்திட்டுக்கு இன்னும் தண்ணீர் இல்லையாம். ஜென்செட்டைக் கேட்டு யாரும் வரவில்லை.

டிசம்பர் 22

வேப்பமரத்து ஒர்க்‌ஷாப்பில் வண்டியைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். சகலையின் சாமான்களை எடுத்துக்கொண்டு போக இந்துமதியும் வந்தாள். நான் கூப்பிடவில்லை, அவளாகத்தான் பஸ் ஏறி வந்தாள். டேஷ்போர்டில் இருந்து அவன் சீப்பு, மூக்குக்கண்ணாடி, பாதி தீர்ந்த மிட்டாய்ப் பொட்டலம் எல்லாவற்றையும் மடியில் போட்டுக்கொண்டாள்.

மெக்கானிக் சின்ன வயசுக்காரன், புதிதாக ஊருக்கு வந்தவன், வண்டி பாலத்தில் நின்றது தெரியும், மற்றபடி எங்கள் கதை ஒன்றும் தெரியாது. என்ஜினின் தலையைக் கழற்றிக் கீழே வைத்திருந்தான். அதற்கு அடியில் இருக்கிற கேஸ்கட் தகடு வெந்து பிளந்திருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்து மோர் மாதிரி இருந்தது.

"அண்ணே, இத வச்சி என்னத்த இழுத்தீங்க?"

"ஒன்னும் இழுக்கலையே. வெறும் வண்டிதான்."

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"வெறும் வண்டிக்கு இப்படி ஆவாதுண்ணே" என்றான். "இது பல நாளு கஷ்டப்பட்டிருக்கு. அன்னிக்கு ஒரு நாளைக்காவது வெறும் வண்டியா வுட்டிருந்தா இந்த நெலமையிலயும் எப்படியாச்சும் பாலத்த ஏறியிருக்கும்."

இந்துமதி மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மெக்கானிக்கிடம் சொன்னாள்.

"ரெண்டு டன்னு தம்பி. ஜென்செட்டு. ஆசுபத்திரிக்குப் போறப்பவும் பின்னாடிதான் இருந்துச்சு."

அவன் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து, துடைத்த இடத்தையே மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.

அவள் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். இரும்மா, ஒன்றாகவே போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆயிரம் பேருக்கு முன்னால் துண்டுச் சீட்டு இல்லாமல் பேசுகிறவன். வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வண்டி என்றைக்குக் கிடைக்கும் என்று மெக்கானிக்கிடம் கேட்டேன்.